ஒலி முந்துகிறதா, பிந்துகிறதா: ஹோம் தியேட்டர் லிப்சிங்க் சரிசெய்த பதிவு

திரையில் ஒருவர் கதவைச் சாத்துகிறார். கதவு நிலையில் படும் முன்பே சத்தம் கேட்கிறது. இன்னொரு வீட்டில் அதே காட்சியில் கதவு மூடி முடிந்த பிறகு சத்தம் வருகிறது. இரண்டும் ஒரே கோளாறு போலத் தெரிந்தாலும் காரணமும் வைத்தியமும் வேறு. ஒலி முந்தி வந்தால் ரிசீவரில் (ஒலியைப் பெற்று ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) ஒலித் தாமத எண்ணை ஏற்றினால் வேலை முடிந்தது. பிந்தி வந்தால் அந்த எண்ணைத் தொட்டுப் பயனில்லை. ரிசீவருக்கு ஒலியைப் பிடித்து வைத்துத் தாமதமாக விடத்தான் தெரியும். இன்னும் வந்து சேராத ஒலியை அது முன்னால் இழுக்க முடியாது. அதனால் ஒலி முந்துகிறதா பிந்துகிறதா, அந்த இடைவெளி படம் முழுக்க ஒரே அளவா அல்லது போகப்போக வளர்கிறதா என்ற இரண்டையும் முடிவு செய்யாமல் ரிமோட்டைத் தொடக்கூடாது.

வேலைக்கு எடுத்த அமைப்பு: 55 அங்குல 4கே எல்இடி டிவி, எச்டிஎம்ஐ 1.4 காலத்து 5.1 ரிசீவர், ஒரு டிடிஎச் செட்டாப் பாக்ஸ், ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக், படங்கள் சேமித்திருக்கும் ஒரு லேப்டாப். லேப்டாப் ரிசீவர் வழியாக டிவிக்குப் போகிறது. ஸ்டிக்கும் டிடிஎச் பாக்ஸும் நேராக டிவியில் செருகியிருந்தன. அவற்றின் ஒலி ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கம்பியிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்குத் திரும்பி வந்தது. உட்காரும் இடம் முன் ஸ்பீக்கர்களிலிருந்து 3.2 மீட்டர்.

கோளாறு நான்கு வகை. லேப்டாப்பில் ஒலி முந்தியது. ஸ்டிக்கில் பிந்தியது. டிடிஎச்சில் சேனலுக்குச் சேனல் மாறியது. ஒரு படக் கோப்பில் மட்டும் தொடக்கம் சரியாக இருந்து, முடிவு வரும்போது பேச்சும் வாயும் சில விநாடி பிரிந்திருந்தன.

படம் போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

நம் படங்களில் வசனம் பெரும்பாலும் டப்பிங் தியேட்டரில் பிறகு பேசிச் சேர்க்கப்படுவது. பிறமொழி நடிகர் தமிழ் வசனத்துக்கு வாயசைத்திருப்பார், குரல் வேறொருவருடையது. பாடல் காட்சியில் ஓடும் பாட்டுக்கு உதடசைக்கிறார்கள். இதை அளவுகோலாக வைத்து ரிசீவரைத் திருத்தினால், அந்தப் படத்தின் டப்பிங் பிசகை நம் வீட்டு அமைப்பில் நிரந்தரமாக ஏற்றிவிடுவோம். செய்தி சேனலும் முழுக்க நம்பத்தக்கதில்லை. அரங்கில் இருப்பவர் சரியாக இருப்பார். வெளியூரிலிருந்து நேரலையில் வருபவரின் ஒலியும் படமும் தனித்தனி வழியில் வந்து சேர்ந்திருக்கக்கூடும்.

எவ்வளவு பிசகினால் கண்ணுக்குத் தெரியும் என்பதற்குக் கணக்கு உண்டு. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரைப்படி, ஒலி 45 மில்லி விநாடி (இனி மி.வி.) முந்தினாலே மனிதர்கள் கண்டுபிடிக்கிறார்கள், பிந்தினால் 125 மி.வி. வரை பிடிபடுவதில்லை. பொறுத்துக்கொள்ளும் எல்லை 90 மி.வி. முந்தல், 185 மி.வி. பிந்தல். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர்37 இன்னும் கடுமையானது: 40 முந்தல், 60 பிந்தல். இரண்டிலும் முந்தலுக்கு இடம் குறைவு. இயற்கையில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தான் வருகிறது. மீட்டருக்கு ஏறத்தாழ 2.9 மி.வி. ஆகிறது. தூரத்தில் துணி துவைப்பவரின் அடி பிந்திக் கேட்டுப் பழகிய காது, முந்தி வரும் சத்தத்தை எங்குமே கேட்டதில்லை. ஆகவே இலக்கு பூஜ்யத்திலிருந்து 20 மி.வி. பிந்தல் வரை. சந்தேகம் வந்தால் பிந்தல் பக்கம் சாய வேண்டும்.

சோதனைத் துண்டு

எந்த வீடியோ எடிட்டரிலும் செய்யலாம். முழுக் கறுப்புத் திரை. 2 விநாடிக்கு ஒருமுறை திரை முழுக்க வெள்ளை, 3 ஃப்ரேம் நீளம். வெள்ளையின் முதல் ஃப்ரேம் தொடங்கும் அதே புள்ளியில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலி. ஒரே ஒரு ஃப்ரேம் வெள்ளை போதாது. டிவியின் அசைவு மென்மையாக்கும் வசதி, பக்கத்துக் கறுப்பு ஃப்ரேமோடு அதைக் கலந்து சாம்பலாக்கிவிடும். 3 நிமிடத் துண்டு போதும்.

இதை மூன்று வேகத்தில் தயாரிக்க வேண்டும்: விநாடிக்கு 23.976, 50, 60 ஃப்ரேம். டிவி ஒவ்வொரு வேகத்தையும் வேறு விதமாகக் கையாளும். டிவி தன் வேலையைச் செய்ய 2 ஃப்ரேமைப் பிடித்து வைக்கிறது என்றால், 60இல் அது 33 மி.வி.; 24இல் அதே 2 ஃப்ரேம் 83 மி.வி. ஒரு வேகத்தில் மட்டும் அளந்து எண்ணைப் பதித்துவிட்டால், மற்ற வேகத்தில் பிசகும்.

ஒலியைச் சுருக்காத பிசிஎம் வடிவில் வையுங்கள். சுருக்கும் வடிவமான ஏஏசியில் ஏற்றுமதி செய்தால் என்கோடர் தொடக்கத்தில் வெற்று மாதிரிகளைச் சேர்க்கும். ஆப்பிளின் என்கோடர் சேர்ப்பது 2112 மாதிரி, 48,000 ஹெர்ட்ஸில் அது 44 மி.வி. எத்தனை மாதிரியைத் தள்ள வேண்டும் என்று கோப்பிலேயே குறித்திருக்கும். அந்தக் குறிப்பை மதிக்காத பிளேயரில் சோதனைத் துண்டே 44 மி.வி. பொய் சொல்லும். செய்து முடித்ததும் எடிட்டரில் மறுபடி திறந்து, அலையின் தொடக்கமும் வெள்ளையின் முதல் ஃப்ரேமும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

அளப்பது

ஃபோனில் 240 ஃப்ரேம் ஸ்லோ மோஷன் இருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமும் 4.17 மி.வி. இந்த வேலைக்கு அந்த நுணுக்கம் தாராளம். 960 ஃப்ரேம் சூப்பர் ஸ்லோ பெரும்பாலும் ஒலியைப் பதிவதில்லை, அதனால் வேண்டாம். ஃபோனை உட்காரும் இடத்தில், காது உயரத்தில் வைத்துத் திரையின் நடுப்பகுதியைப் படமெடுக்க வேண்டும். காற்றில் ஒலி வரும் நேரம் அப்போது தானாகக் கணக்கில் சேர்ந்துவிடும், 3.2 மீட்டருக்கு அது 9 மி.வி. திரையின் நடுவைப் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. எல்இடி டிவி மேலிருந்து கீழாகப் படத்தை எழுதுகிறது. 60 ஹெர்ட்ஸில் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் கிட்டத்தட்ட 16 மி.வி. வித்தியாசம் வரலாம்.

ஃபோனின் கேமராவும் மைக்கும் தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்பதை முதலில் சோதிக்க வேண்டும். பலரும் தவறவிடுவது இதைத்தான். ஃபோனுக்கு அரை மீட்டர் முன்னால் ஓர் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டி அதே ஸ்லோ மோஷனில் பதிவு செய்யுங்கள். கரண்டி தட்டைத் தொடும் ஃப்ரேமும் அலை எழும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த வேலைக்குப் பயன்பட்ட ஃபோனில் ஒலி 2 ஃப்ரேம், அதாவது 8 மி.வி. முந்தி இருந்தது. இனி வரும் அளவுகள் எல்லாம் அதைக் கழித்தபின் கிடைத்தவை.

ஃபோன் பதிவை ஃபோனிலேயே ஓட்டிப் பார்க்காமல் கணினி எடிட்டருக்குக் கொண்டுபோய், ஒலி அலையைப் பெரிதாக்கி எண்ணுங்கள். லேப்டாப்பின் முதல் பதிவில் அலை எழுந்து 24 ஃப்ரேம் கழித்துத்தான் திரை வெளுத்தது: 24 × 4.17 = 100. ஃபோனின் பிழை 8 போக, ஒலி 92 மி.வி. முந்தல். ஒரு வெளிச்சத்தை மட்டும் எண்ணாமல் அடுத்தடுத்து ஏழெட்டை எண்ணிச் சராசரி எடுங்கள். ஒவ்வொன்றும் ஓரிரு ஃப்ரேம் ஆடும்.

ஸ்லோ மோஷன் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. அது இதைவிடத் துல்லியமானது. சோலார் தோட்ட விளக்கிலிருந்து கழற்றிய சின்னத் தகடு ஒன்று, 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, 3.5 மி.மீ. ஸ்டீரியோ பிளக் ஒன்று, ஸ்டீரியோ லைன்-இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று. மலிவான பல கார்டுகளில் இருப்பது மோனோ மைக் துளை, அது உதவாது. ரெசிஸ்டரைத் தகட்டின் இரு முனைக்கும் குறுக்கே பற்றவைத்தால் வெளிச்ச மாற்றத்துக்குத் தகடு வேகமாக எதிர்வினை காட்டும். தகட்டின் ஒயர் பிளக்கின் இடது முனைக்கும் தரை முனைக்கும். வலது முனைக்கு ரிசீவரின் ப்ரீ-அவுட் (ஆம்ப்ளிஃபையருக்கு முந்தைய ஒலி வெளியீடு) சிக்னல். தகட்டைத் திரையின் நடுவில் காகித டேப்பால் ஒட்டி, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 48,000 ஹெர்ட்ஸில் பதிவு செய்தால் இடது தடத்தில் ஒளி, வலது தடத்தில் ஒலி. ஒரு மாதிரி 0.02 மி.வி. இடது தடத்தில் பின்னொளியின் துடிப்பு ரீங்காரமாகத் தெரியும்; பொருட்படுத்த வேண்டாம், வெள்ளை வரும் இடத்தில் அலை சட்டென்று எகிறும். இதில் காற்றுப் பயணம் சேராது; மீட்டருக்கு 2.9 மி.வி. கையால் சேர்க்க வேண்டும். ப்ரீ-அவுட் இல்லாத ரிசீவரில் ஹெட்போன் துளையிலிருந்து ஒலியை மிகக் குறைத்து எடுக்கலாம். ஸ்பீக்கர் முனையிலிருந்து மட்டும் எடுக்கவே கூடாது; அங்கே வரும் வோல்ட்டேஜ் சவுண்ட் கார்டை எரித்துவிடும்.

லேப்டாப்: ஒலி முந்தும் வழி

லேப்டாப்பின் ஒலி ரிசீவரிலேயே பிரிந்து ஸ்பீக்கருக்குப் போய்விடுகிறது. படம் மட்டும் டிவிக்குப் போய், அங்கே இரைச்சல் நீக்கம், கூர்மை, அசைவு மென்மை என்று பல வேலைகளைக் கடந்து திரைக்கு வருகிறது. ஆக, படம்தான் பிந்துகிறது. அளந்தபோது, 60 ஃப்ரேமில் அசைவு மென்மை இயங்கும்போது ஒலி 92 மி.வி. முந்தல், நிறுத்தினால் 58. 23.976இல் இயங்கும்போது 140, நிறுத்தினால் 95. டிவி தன் பட வேலைகளைக் குறைத்துக்கொள்ளும் கேம் மோடில் 60 ஃப்ரேமுக்கு வெறும் 17.

அசைவு மென்மையை நிறுத்தியதில் மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அந்த வசதி அடுத்த ஃப்ரேம் என்ன என்று தெரிந்தால்தான் இடையில் ஒரு ஃப்ரேமைக் கற்பிக்க முடியும், அதற்காகக் காத்திருக்கிறது. படங்களுக்கு அது தேவையும் இல்லை. சினிமாவை டிவி சீரியல் போலக் காட்டும். கேம் மோடில் சினிமா பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த டிவியில் அதன் நிறங்கள் குளிர்ந்து, கறுப்பு வெளிறுகிறது. தாமதத்தைக் கூட்டிச் சரிசெய்யக்கூடிய ஒரு கோளாறுக்காகப் படத்தின் தரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

மீதம் 58, 95 என்று இரண்டு எண்கள். ரிசீவரிலோ ஒரு உள்ளீட்டுக்கு ஓர் எண்தான் வைக்க முடியும், 10 மி.வி. படிகளில் 200 வரை. 80 வைத்தோம். 60 ஃப்ரேமில் ஒலி 22 பிந்தும், 24இல் 15 முந்தும். இரண்டும் கண்ணுக்குப் பிடிபடாத எல்லைக்குள். சினிமா மட்டுமே பார்க்கும் உள்ளீடாக இருந்தால் 100 வைத்திருக்கலாம்.

இந்த எண்ணை எங்கே வைப்பது என்பதில் ஒரு குழப்பம் உண்டு. டெனானில் ‘ஆடியோ டிலே’, யமஹாவில் ‘லிப்சிங்க்’, சோனியில் ‘ஏ/வி சிங்க்’ என்று மெனு இருக்கும். சிலர் இதை விட்டுவிட்டு ஸ்பீக்கர் தூரத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள். தூர அமைப்பு ஸ்பீக்கர்களுக்கு இடையிலான வித்தியாசத்தைச் சமன் செய்வதற்கானது. தொலைவில் உள்ள ஸ்பீக்கரை அப்படியே விட்டு, அருகில் உள்ளதைத் தாமதப்படுத்துவதே அதன் வேலை. எல்லாவற்றுக்கும் 5 மீட்டர் கூட்டினால் வித்தியாசம் பழையபடியே இருக்கும், எதுவும் மாறாது. சிலவற்றுக்கு மட்டும் கூட்டினால் சரவுண்ட் குலையும். தானியங்கி அளவீட்டில் சப்வூஃபரின் தூரம் உண்மையைவிட ஒன்றிரண்டு மீட்டர் அதிகமாக வந்தாலும் திருத்தாதீர்கள். சப்வூஃபருக்குள் உள்ள மின்சுற்று எடுக்கும் நேரத்தையும் ரிசீவர் தூரமாகக் கணக்கிட்டிருக்கிறது.

தானியங்கி லிப்சிங்க் ஏன் காப்பாற்றவில்லை? 2006இல் வந்த எச்டிஎம்ஐ 1.3லிருந்தே அந்த வசதி இருக்கிறது. டிவி தன்னைப் பற்றிய விவரங்களை எச்டிஎம்ஐ வழியாக அனுப்பும்போது, ‘என் படம் இத்தனை மி.வி. பிந்தும்’ என்ற எண்ணையும் சேர்த்துச் சொல்லும். ரிசீவர் அவ்வளவு ஒலியைத் தாமதிக்கும். ஆனால் அந்த எண்ணுக்கு இருப்பது இரண்டே இடம்: ப்ரொக்ரெசிவுக்கு (முழுப் படமாக வருவது) ஒன்று, இன்டர்லேஸ்டுக்கு (வரிகள் பாதிப் பாதியாக வருவது) ஒன்று. 24 ஃப்ரேமா 60ஆ, அசைவு மென்மை ஓடுகிறதா, கேம் மோடா என்பதெல்லாம் அதில் அடங்காது. இந்த அமைப்பில் ஆட்டோவைப் போட்டால் 92 முந்தல் 52 ஆனது. டிவி சொன்ன எண் 40 என்று அதிலிருந்து தெரிகிறது. படமுறை மாறினாலும் அந்த 40 மாறவில்லை. எச்டிஎம்ஐ 2.0இல் வந்த மாறும் லிப்சிங்க், 2.1இன் இஏஆர்சியில் (ஏஆர்சியின் புதிய வடிவம்) கட்டாயமாக்கப்பட்ட ஒத்திசைவு ஆகியவை இந்தக் குறையைத் தீர்க்க வந்தவை. இரு முனையிலும் புதிய கருவி இருந்தால் ஆட்டோவையே முதலில் நம்பிப் பார்க்கலாம். பழைய ரிசீவரில் ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கையால் எண் வையுங்கள். நிறுத்தாமல் வைத்தால் சில மாடல்களில் இரண்டும் கூடிவிடும்.

ஸ்டிக்: ஒலி பிந்தும் வழி

இங்கே ஒலி 70 மி.வி. பிந்தியிருந்தது. ரிசீவரில் டிவி உள்ளீட்டின் தாமதம் ஏற்கெனவே 0. அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஒலி வரும் வழியில் எங்கெங்கே நேரம் போகிறது என்று தேடி எடுக்க வேண்டும்.

முதலில் டிவியின் ஒலி மெனு. சாம்சங்கில் ‘டிஜிட்டல் அவுட்புட் ஆடியோ டிலே’, எல்ஜியில் ‘ஏவி சிங்க் அட்ஜஸ்ட்மென்ட்’ போன்ற பெயர்களில் ஏஆர்சிக்குத் தனி எண் இருக்கும். இந்த டிவியில் அது 30இல் நின்றது. 0க்குக் கொண்டுவந்ததும் பிந்தல் 70லிருந்து 40 ஆனது.

அடுத்தது ஒலி வடிவம். ஸ்ட்ரீமிங் செயலிகள் 5.1 ஒலியை டால்பி டிஜிட்டல் பிளஸில் தருகின்றன. இந்த ரிசீவர் ஏஆர்சி வழியாக அதை ஏற்கவில்லை. டிவியின் வடிவம் ‘ஆட்டோ’வில் இருந்ததால், டிவி அதைப் பிரித்து மறுபடி பழைய டால்பி டிஜிட்டலாகக் கட்டி அனுப்பிக்கொண்டிருந்தது. டால்பி டிஜிட்டலின் ஒரு பொட்டலம் 1536 மாதிரி. 48,000 ஹெர்ட்ஸில் 32 மி.வி. ஒரு பொட்டலம் நிறையும் வரை காத்திருந்தால்தான் கட்ட முடியும், எனவே மறுகட்டு என்றாலே குறைந்தது அவ்வளவு நேரம் போகும். டிவியை ‘பாஸ்த்ரூ’வுக்கு (வந்த ஒலியை மாற்றாமல் கடத்துவது) மாற்றினால் மறுகட்டு இல்லை, ஆனால் ரிசீவருக்குப் புரியாத பிளஸ் அப்படியே போய், சத்தமே வரவில்லை. பிசிஎம் வைத்தால் சத்தம் உடனே வரும். ஆனால் ஏஆர்சியில் பிசிஎம் இரண்டு சேனல்தான், பின் ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிடும்.

வழி கிடைத்தது ஸ்டிக்கில். அதன் ஒலி அமைப்பில் பிளஸை விட்டு ‘டால்பி டிஜிட்டல்’ என்று கட்டாயப்படுத்தி, டிவியை பாஸ்த்ரூவில் வைத்தோம். மாற்றும் வேலை இப்போதும் நடக்கிறது, ஆனால் ஸ்டிக்குக்குள். ஸ்டிக்கிடம் வரப்போகும் சில விநாடி படமும் ஒலியும் முன்கூட்டியே கையில் இருக்கின்றன. மாற்ற ஆகும் நேரத்தைக் கணக்கிட்டு ஒலியை முன்னதாகவே எடுத்துவிட அதனால் முடியும். டிவிக்கும் ரிசீவருக்கும் அந்த வசதி இல்லை. வந்ததை வந்தபடிதான் பார்க்கிறார்கள். அளந்தபோது பிந்தல் 5 மி.வி. அதற்கு மேல் தொடவில்லை.

பிந்தும் ஒலியை முன்னால் இழுக்கக் கூடியது மூலக் கருவி மட்டும்தான் என்பதை நினைவில் வையுங்கள். ஃபயர் டிவியில் ‘ஏவி சிங்க் ட்யூனிங்’, ஆப்பிள் டிவியில் ஐஃபோன் மைக்கைக் கொண்டு அளக்கும் ‘வயர்லெஸ் ஆடியோ சிங்க்’, கோடி என்ற பிளேயரில் ‘ஆடியோ ஆஃப்செட்’, விஎல்சி பிளேயரில் ‘ஜே’, ‘கே’ விசைகள். விஎல்சியில் ஒரு தட்டுக்கு 50 மி.வி.; ‘கே’ பின்னால் தள்ளும், ‘ஜே’ முன்னால் இழுக்கும்.

ரிசீவர் 4கேயையும் எச்டிஆரையும் கடத்தக் கூடியதாக இருந்தால், ஸ்டிக்கை ரிசீவரிலேயே செருகிவிடுவது இன்னும் எளிது. ஒலி முந்தும் வழியாக அது மாறிவிடும். முந்தல் என்றால் ஓர் எண் போதும். இந்த ரிசீவர் வழியாகப் போனால் 4கே போய்விடும் என்பதால்தான் இத்தனை சுற்று.

டிடிஎச் பாக்ஸ்

முதலில் தவறு யாருடையது என்று பிரிக்க வேண்டும். ரிசீவரை அணைத்து, டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேளுங்கள். அங்கேயும் அதே சேனலில் பிசகு இருந்தால் அது சேனலுடையது அல்லது பாக்ஸுடையது. நம் ரிசீவர் எண்ணை மாற்றினால் மற்ற எல்லாச் சேனலும் கெடும். வேறு சேனலுக்குப் போய்த் திரும்பினால் சரியாகிறது என்றால் பாக்ஸ்தான் காரணம். ஒளிபரப்பில் படத்துக்கும் ஒலிக்கும் தனித்தனி நேர முத்திரை உண்டு. சிக்னல் துண்டாகும்போது, முக்கியமாக மழை நேரத்தில், பாக்ஸ் அந்த முத்திரைகளைத் தவறவிட்டு ஒன்றை மட்டும் பிந்தவிடுகிறது. சேனல் மாற்றினால் புதிதாகப் பிடித்துக்கொள்ளும். நாள்கணக்கில் ஸ்டாண்ட்பையிலேயே கிடக்கும் பாக்ஸை ஒருமுறை சுவிட்ச் போர்டில் அணைத்துப் போடுவது நல்லது.

டிவி ஸ்பீக்கரில் சரியாக இருந்து ரிசீவரில் மட்டும் பிசகிய சேனல்களுக்கு வழி மாற்றம்தான் மருந்து. டிடிஎச் பாக்ஸ் தருவது 1080 இன்டர்லேஸ்டு, 50 ஹெர்ட்ஸ். பழைய ரிசீவரும் அதைத் தாராளமாகக் கடத்தும். பாக்ஸை டிவியிலிருந்து எடுத்து ரிசீவரின் இன்னொரு எச்டிஎம்ஐயில் செருகினோம். இப்போது ஒலி முந்தும். எவ்வளவு என்று அளக்க வேண்டும். டிடிஎச் பாக்ஸில் சோதனைத் துண்டை ஓட்ட வழியில்லை. அதனால் லேப்டாப்பை அதே எச்டிஎம்ஐ உள்ளீட்டில் செருகி, வெளியீட்டை 1080 இன்டர்லேஸ்டு 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, 50 ஃப்ரேம் துண்டை ஓட்டினோம். முந்தல் 90. லேப்டாப்பில் 60 ப்ரொக்ரெசிவுக்கு வந்த 58ஐவிட இது அதிகம். பாதிப் பாதியாக வரும் வரிகளைச் சேர்த்து முழுப் படமாக்க டிவிக்குக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. அந்த உள்ளீட்டில் 90 பதிந்தாயிற்று. ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் எண்ணைத் தனியாக நினைவில் வைக்கும் ரிசீவரில்தான் இது நடக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்றால், அதிகம் பார்க்கும் கருவிக்கு முன்னுரிமை கொடுங்கள்.

போகப்போக விலகும் கோப்பு

இதை எந்தத் தாமத எண்ணும் சரிசெய்யாது. தொடக்கத்தில் சரி, ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி விலகல் என்றால் நோயின் பெயர் உடனே சொல்லலாம்: 23.976 ஃப்ரேமில் இருக்க வேண்டிய படத்துக்கு 24 என்று முத்திரை விழுந்திருக்கிறது. வித்தியாசம் 0.1 சதவீதம், 3600 விநாடிக்கு 3.6. மணிக்கு இரண்டரை நிமிடம் அளவுக்கு விலகினால் அது 25க்கும் 23.976க்கும் உள்ள குழப்பம். ஐரோப்பியப் பதிப்பின் ஒலியை வேறு பதிப்பின் படத்தோடு ஒட்டியிருப்பார்கள்.

கோப்பை மறுபடி என்கோட் செய்யத் தேவையில்லை. எம்கேவி டூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் கோப்பைச் சேர்த்து, வீடியோ தடத்தைத் தேர்ந்து, ஃப்ரேம் வேகம் கேட்கும் இடத்தில் 24000/1001பி என்று கொடுத்துப் புதிய கோப்பாக எழுதினால் சில நிமிடத்தில் முடியும். பழைய கோப்பை அழிப்பதற்கு முன் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள். விலகல் நிலையாக இருந்து தொடக்கத்திலேயே பிசகும் கோப்புக்கு, அதே பக்கத்தில் ஒலித் தடத்துக்கான தாமத இடத்தில் மி.வி. எண் போதும், முன்னால் இழுக்கக் கழித்தல் குறி.

ஃபோனில் எடுத்த கல்யாண வீடியோவை எடிட் செய்தபின் இப்படி விலகினால் காரணம் வேறு. ஃபோன் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃப்ரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே பதிவு செய்கிறது. சில எடிட்டர்கள் அதை நிலையான வேகம் என்று எடுத்துக்கொள்கின்றன. எடிட்டரில் ஏற்றும் முன் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்’ தேர்ந்து மாற்றிவிடுங்கள்.

ப்ளூடூத் ஸ்பீக்கரையோ சவுண்ட்பாரையோ டிவியோடு சேர்த்திருப்பவர்களுக்கு: ப்ளூடூத்தின் அடிப்படை ஒலிச் சுருக்கமான எஸ்பிசி கோடெக்கில் 150லிருந்து 250 மி.வி. வரை பிந்தல் சாதாரணம். டிவியில் படத்தைப் பிந்தவைக்கும் வசதி இல்லையென்றால் எச்டிஎம்ஐயோ ஆப்டிக்கலோ இழுப்பதுதான் நிச்சயமான வழி.

கரண்ட் போய் வந்தபின் ஒருமுறை சோதனைத் துண்டை ஓட்டிப் பாருங்கள். டிவியும் ரிசீவரும் ஒரே நேரத்தில் உயிர்பெறும்போது, ரிசீவர் தயாராகும் முன்பே டிவி கேட்டுவிட்டால், ஏஆர்சி வடிவம் பிசிஎம்முக்கு இறங்கி நின்றுவிடுவது உண்டு. அப்போது ரிசீவரின் முகப்பில் ‘டால்பி டிஜிட்டல்’ என்ற எழுத்து தெரியாது. ரிசீவரை முதலில் போட்டு அரை நிமிடம் கழித்து டிவியைப் போட்டால் பழைய நிலைக்கு வரும். டிவியில் மென்பொருள் புதுப்பிப்பு நடந்திருந்தால் அசைவு மென்மை மீண்டும் இயங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த அமைப்பில் அது ஒன்று மாறினாலே 24 ஃப்ரேம் படங்களில் ஒலி 60 மி.வி. முந்திவிடும்.